எண்பது கிலோ முதலாளி

“உட்காருங்க” என்று யாராவது நாற்காலியைக் காட்டினால் அவர் உட்கார மாட்டார். முதலில் அதை இரண்டு கையாலும் தூக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார். அடியில் என்ன முத்திரை என்று பார்ப்பார். நான்கு கால்களையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்துவார். பிறகு நிமிர்த்தி வைத்து, பொத்தென்று மொத்த உடம்பையும் அதன்மேல் போடுவார். இடப்பக்கம் ஒரு சாய்வு, வலப்பக்கம் ஒரு சாய்வு, பின்னால் ஒரு சாய்வு. “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று உதட்டுக்குள் எண்ணிவிட்டு விருட்டென்று எழுந்துவிடுவார். சட்டைப்பையிலிருந்து சாக்கட்டியை எடுத்துப் பின்காலின் உட்புறம் ஒரு குறி போடுவார். தேறியதென்றால் டிக். தேறவில்லையென்றால் பெருக்கல். இவ்வளவும் முடிந்த பிறகுதான், “சொல்லுங்க, என்ன விஷயம்?” என்று கேட்பார்.

பல் டாக்டர் வீட்டு வரவேற்பறை, மகள் படித்த பள்ளிக்கூடம், முடிவெட்டும் கடை என்று அவர் குறி போடாத இடமில்லை. ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில், தேம்பிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் தோளைத் தொட்டு, “ஒரு நிமிஷம் எழுந்திரிங்க ஐயா, பின்னங்கால் விரிசல் விட்டிருக்கு” என்றார். பெரியவர் முறைத்துக்கொண்டே வேறு இடத்துக்குப் போனார். பத்து நிமிஷம் கழித்து வந்த இன்னொருவர் பெருக்கல் குறியைக் கவனிக்காமல் அதில் உட்கார்ந்து, காலும் கையும் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் என்று கிடந்தார். அன்றைக்கு அந்த வீட்டில் முதன்முதலாகச் சிரித்தது இறந்தவரின் மனைவிதான் என்பதால் இவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு இதுதான் வேலை. ஆமை முத்திரை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் கம்பெனியில், சோதனைப் பிரிவில், நாளுக்கு நானூறு முறை உட்கார்ந்து எழுகிறார். அந்தப் பிரிவில் மொத்தம் மூன்றே பேர். ஸ்டூலுக்கும் சின்ன நாற்காலிக்கும் ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண். கைவைத்த பெரிய நாற்காலிக்கு நூற்றிருபது கிலோவில் ஒரு ஆள். நடுவில் உள்ள சாதாரண நாற்காலிக்கு இவர். அவரவர் எடையே அவரவர் பெயராகிவிட்டது. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எண்பது திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

திங்கட்கிழமை காலையில் மூவரும் தராசில் ஏற வேண்டும். எண்பது என்றால் எண்பதுதான். அரைக்கிலோ இப்படி அப்படி இருக்கலாம், அதற்கு மேல் சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒருமுறை காய்ச்சலில் கிடந்து நாலு கிலோ இளைத்து வந்தபோது, இரண்டு வாரம் இடுப்பில் மணல் பை கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். ஆகவே அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலும் ஒரு தராசு இருக்கிறது. இரண்டாவது தடவை போட்டுக்கொள்ளும் முன்னால் எழுந்து போய் ஏறிப் பார்ப்பார்.

“நான் ஆக்கிப் போடறது புருஷனுக்கா, கம்பெனிக்கான்னே எனக்குத் தெரியலை” என்பார் மனைவி.

“கம்பெனி வேற, நான் வேறயா?” என்பார் எண்பது.

அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்குக் கை நொடித்துப்போன ஒரு வருஷத்தில், போனஸுக்குப் பதிலாகத் தொழிலாளர்களுக்குத் தலைக்குப் பன்னிரண்டு பங்கு கொடுத்தார்கள். வெறும் தாளைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று எல்லாரும் கத்தினார்கள். கத்தி முடித்த மறுவாரமே கிடைத்த விலைக்கு விற்றுவிட்டார்கள். ஐம்பது தன் பங்கை விற்றுத் தையல் மிஷின் வாங்கினார். நூற்றிருபது கட்டில் வாங்கினார். பகலெல்லாம் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு ராத்திரி படுத்துப் பார்க்க ஒன்று வேண்டியிருந்தது. அப்படி ஏழு பேர் விற்ற பங்குகளையும் வாங்கியது எண்பதுதான். ஏழு பன்னிரண்டும் தன்னுடைய பன்னிரண்டும் சேர்த்துத் தொண்ணூற்றாறு.

மாதாமாதம் கம்பெனியிலிருந்து சம்பளச் சீட்டு வரும். அதில் ‘பணியாளர்’ என்று இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை அதே கம்பெனியிலிருந்து ஒரு தடித்த உறை வரும். அதில் ‘மதிப்பிற்குரிய பங்குதாரர் அவர்களுக்கு’ என்று இருக்கும். முதல் உறை வந்த அன்று அவர் அந்த வரியை நாலு முறை படித்தார். சத்தமாக ஒருமுறை, மனைவிக்காக ஒருமுறை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி இரண்டு முறை.

அதற்கப்புறம் அவர் ஒரே உடம்பில் இரண்டு ஆளாக வாழப் பழகிக்கொண்டார். அதில் கலப்படம் வரக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். தொழிற்சாலையின் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போகும்போது தொழிலாளி. சூப்பர்வைசர் திட்டினால் தலை குனிந்து, “சரிங்க சார்” என்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, அலமாரியில் தனியாகத் தொங்கும் முழுக்கை வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு மேசை முன்னால் அமர்வார். அப்போது அவர் முதலாளி. ‘தொழிலாளர்களிடம் சூப்பர்வைசர் மரியாதைக் குறைவாகப் பேசுவதாகப் பங்குதாரராகிய என் கவனத்துக்கு வந்துள்ளது’ என்று தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவார். யார் கவனத்துக்குக் கொண்டுவந்தது என்பதை மட்டும் குறிப்பிட மாட்டார்.

சம்பள உயர்வுக்காகத் தொழிற்சங்கம் வாயிற்கூட்டம் போட்டபோது எண்பது ஒலிபெருக்கியைப் பிடித்து ஐந்து நிமிஷம் அனல் பறக்கப் பேசினார். கைதட்டல் ஓய்ந்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “இது வரைக்கும் தொழிலாளியாப் பேசினேன். இப்போ பங்குதாரரா ரெண்டு வார்த்தை. நீங்க கேக்கறது ரொம்ப அதிகம்” என்றார். சங்கத் தலைவருக்கு ஒலிபெருக்கியை அவர் கையிலிருந்து பிடுங்கவே மூன்று நிமிஷம் ஆயிற்று.

கம்பெனியில் தன்னுடையது எது என்ற கேள்வியும் அவரை வெகுநாள் அரித்தது. மொத்தம் நாலு லட்சம் பங்கு. அதில் தொண்ணூற்றாறு. தொழிற்சாலை இருக்கும் இடம் ஐம்பதாயிரம் சதுர அடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வகுத்துப் பெருக்கி, தனக்குப் பன்னிரண்டு சதுர அடி வருகிறது என்று கண்டுபிடித்தார். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் டேப்போடு போய், சோதனைப் பிரிவு முற்றத்தில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நிழலாக இருந்த இடத்தில் மூன்றடிக்கு நாலடி அளந்து சாக்கட்டியால் கோடு போட்டார். அன்றிலிருந்து தினமும் சாப்பிட்டதும் அங்கே போய்ப் பத்து நிமிஷம் நிற்பார். ஒன்றும் செய்ய மாட்டார். நிற்பார், அவ்வளவுதான். வாட்ச்மேன் முதலில் கேலி செய்தார். பிறகு அந்தக் கட்டத்தைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டார். மழை பெய்து கோடு அழிந்தால் வாட்ச்மேனே வந்து, “உங்க இடம் கலைஞ்சு போச்சு, வந்து பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவருடைய மனைவியின் தம்பி, அதாவது மச்சான், கைப்பேசியிலேயே பங்கு வாங்கி விற்கிறவர். காலையில் வாங்கி மத்தியானம் விற்று, சாயங்காலம் வருத்தப்படுவார். அவருக்கு இவருடைய போக்கு பிடிக்கவே இல்லை.

“மாமா, சம்பளமும் அங்கேயே வாங்கறீங்க, பங்கும் அங்கேயே வெச்சிருக்கீங்க. நாளைக்குக் கம்பெனி படுத்துதுன்னா ரெண்டும் ஒரே நாள்ல போயிடும். பாதியை வித்துட்டு வேற நாலு கம்பெனியில போடுங்க.”

“எந்தக் கம்பெனி?”

“சிமெண்ட் இருக்கு, மருந்து இருக்கு, கப்பல் இருக்கு...”

“கப்பலை நீ கவுத்துப் பார்த்தியா?”

“என்ன மாமா கேக்கறீங்க?”

“நான் உட்கார்ந்து பார்க்காத எதுலயும் என் காசைப் போட மாட்டேன் மச்சான். என் கம்பெனிச் சேர் மேல இருபத்தஞ்சு லட்சம் தடவை உட்கார்ந்திருக்கேன். நீ உன் கம்பெனி வாசல்லயாவது உட்கார்ந்திருக்கியா?”

மச்சான் அக்காவைப் பார்ப்பார். அக்கா தராசைப் பார்ப்பார்.

எதிர்க் கம்பெனி ஒன்று இருக்கிறது. நட்சத்திர முத்திரை. ஊரில் பாதி நாற்காலி அவர்களுடையது. அதில் மட்டும் எண்பது உட்கார்ந்ததே கிடையாது. கவிழ்த்துப் பார்த்து நட்சத்திரம் இருந்தால் மெதுவாக நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றுகொள்வார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில், ஆஸ்பத்திரியில், மகளின் பட்டமளிப்பு விழாவில் நாலு மணி நேரம், எங்கேயும் நின்றார். கேட்டால், “அதுல உட்கார்ந்தா இடுப்பு போயிடும்” என்பார். ஒருமுறைகூட உட்காராமல் அது எப்படித் தெரியும் என்று மகள் ஒருநாள் கேட்டாள். அன்றைக்கு அவருக்குத் திடீரென்று காது கேட்காமல் போயிற்று.

இந்த வருஷம் வந்த தடித்த உறைக்குள்தான் வினை இருந்தது.

ஆண்டுப் பொதுக்கூட்ட அழைப்பைப் பிரித்துப் படித்துக்கொண்டே வந்தவர், நாலாவது தீர்மானத்துக்கு வந்ததும் குதித்தே விட்டார். “ஏம்மா, இங்க வா! என் லெட்டரை அச்சுல போட்டிருக்கான்!”

பத்து வருஷமாக எழுதிய கடிதங்களில் ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. போன வருஷக் கடிதத்தில் கம்பெனியில் நடக்கும் பத்து வீண் செலவுகளை வரிசைப்படுத்தி எழுதியிருந்தார். ஆளில்லாத அறையில் ஓடும் மின்விசிறி, பட்டப்பகலில் எரியும் வாசல் விளக்கு என்று ஒன்பது வந்துவிட்டது. பத்தாவதுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அந்தச் சமயத்தில் நூற்றிருபதின் ஞாபகம் வந்தது. நூற்றிருபது பெரிய நாற்காலியில் சோதனைக்கென்று உட்கார்ந்து, எழுந்திருக்காமல் அப்படியே கண்ணசந்துவிடுகிற ஆள். பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்க எண்பதுக்கு மனசு வரவில்லை. அதனால் நாசூக்காக, ‘சோதனைப் பிரிவில் சிலர் நாள் முழுவதும் வெறுமனே உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பதாகத் தெரிகிறது’ என்று எழுதி அனுப்பியிருந்தார்.

அந்த வரிதான் இப்போது மேற்கோள் குறிக்குள், கொட்டை எழுத்தில் இருந்தது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கினார். நிதானமாகப் படித்தார். ‘நமது பங்குதாரர் ஒருவரின் மதிப்புமிக்க யோசனையை ஏற்று, சோதனைப் பிரிவை மூடி, அது இயங்கும் பழைய கட்டடத்தையும் அதைச் சேர்ந்த முற்றத்தையும் விற்றுவிட்டு, தானாக உட்கார்ந்து எழும் இயந்திரம் ஒன்றை வாங்க...’

“ஏங்க” என்றார் மனைவி. “சோதனைப் பிரிவுன்னா அது நீங்கதானே?”

எண்பது சிரித்துக்கொண்டே தாளைத் திரும்ப வாங்கினார். சிரிப்பு மட்டும் முகத்தில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. அடுத்த பக்கத்தில் இயந்திரத்தின் படம். மேலே ஒரு இரும்புத் தண்டு, கீழே ரப்பரில் செய்த ஒரு பெரிய பின்புறம். கால் இல்லை, கை இல்லை, தலை இல்லை. எடை: ஐம்பது, எண்பது, நூற்றிருபது, பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

“இவன் ஒருத்தனே மூணு பேராம்” என்றார் எண்பது. 

மறுநாள் சோதனைப் பிரிவில் விஷயம் தெரிந்துவிட்டது. எழுதியது யார் என்று நூற்றிருபது கேட்கவில்லை. அதைக் கேட்கிற அளவுக்கு அவர் விழித்திருக்கவில்லை. ஐம்பதுதான் தன் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார்.

“அண்ணே, கூட்டத்துல ஓட்டுப் போடுவாங்களாமே?”

“ஆமாம்மா. முக்கால்வாசிப் பேர் சரின்னு சொன்னாத்தான் கட்டடத்தை விக்க முடியும்.”

“எனக்கு ஓட்டு இல்லையா?”

“நீதான் வித்துட்டியே.”

“உங்ககிட்டதானே வித்தேன்? என்னோட பன்னிரண்டு உங்க பையிலதான் இருக்கு. அவரோட பன்னிரண்டும் அங்கதான் இருக்கு.” தூங்கிக்கொண்டிருந்த நூற்றிருபதைக் கைகாட்டினார். “அங்க போயி முதலாளியா உட்காரப் போறீங்களா, நம்ம ஆளா உட்காரப் போறீங்களா? அதை மட்டும் சொல்லிடுங்க. நான் வேற வேலை தேடணும்னா இப்பவே தேடணும். ஐம்பது கிலோவா இருக்கறதைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது அண்ணே.”

எண்பது தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். அன்றைக்கு நானூறுக்கு முன்னூற்றெழுபதுதான் உட்கார்ந்தார்.

வீட்டில் அந்த வாரம் முழுக்க அவருக்குள்ளேயே இருந்த இருவருக்கும் பேச்சுவார்த்தை நடந்தது. முதலாளி சொன்னதிலும் நியாயம் இருந்தது. இயந்திரம் நாளுக்கு இருபதாயிரம் முறை உட்காரும். கட்டடத்தை விற்றால் பங்கு விலை இரண்டு மடங்காகும் என்று மச்சானே கணக்குப் போட்டுச் சொன்னார். “மாமா, வாழ்க்கையில முதல் தடவையா நீங்க ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க. உங்க வாயாலேயே கெடுத்துடாதீங்க” என்றார். அதைவிடப் பெரிய தொல்லை அந்த அச்சடித்த வரி. பத்து வருஷமாக யாரும் மதிக்காத கையெழுத்தைக் கம்பெனி ஒருதரம் மதித்திருக்கிறது. ‘மதிப்புமிக்க யோசனை.’ சொன்ன ஆளே எழுந்து அதை எதிர்த்தால், அந்த ஆளை இனி எவன் மதிப்பான்?

“மூணு பேர் வேலை போகுதுன்னு சொல்றேன், நீங்க மரியாதையைப் பேசறீங்க” என்றார் மனைவி.

“முதலாளின்னு வந்துட்டா தன் ஆளு, வேத்தாளுன்னு பார்க்கக் கூடாதும்மா.”

“பார்க்காதீங்க. அப்புறம் எண்பது கிலோவையும் வீட்ல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இங்க இருக்கறதே நாலு சேரு.”

கூட்டம் வழக்கமாகத் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் நடக்கும். இந்த வருஷம் கட்டடத்தை அளக்க ஆட்கள் வந்திருந்ததால், இருப்பதிலேயே மலிவான ஒரு வாடகை மண்டபத்தைக் கம்பெனிச் செயலாளர் பிடித்திருந்தார். எண்பது வெள்ளைச் சட்டையில், முழங்கை மடிப்பு கலையாமல், பத்து நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார். மூன்றாவது வரிசையில் ஓரமாக இருந்த நாற்காலியைத் தூக்கினார். கவிழ்த்தார்.

நட்சத்திரம்.

பக்கத்து நாற்காலியைக் கவிழ்த்தார். நட்சத்திரம். அந்த வரிசையையே கவிழ்த்தார். மண்டபம் முழுவதும் அறுபது நாற்காலி. அறுபதும் எதிர்க் கம்பெனியுடையது. மேடையில் கம்பெனித் தலைவருக்குப் போட்டிருந்ததுகூட. தலைவர் அதில் நிம்மதியாகச் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எண்பதுக்குக் கண் இருட்டியது.

“சார்” என்று செயலாளரிடம் ஓடினார். “சேர் எல்லாம் அவங்க சேர்!”

“எவங்க?”

“நட்சத்திரம்!”

செயலாளர் ஒல்லியான மனிதர். எதையும் விதியைக் கொண்டு அளப்பவர். “ஐயா, கூட்டம் கூடுறதுக்கு இத்தனை பேர் வேணும்னு விதி இருக்கு. இன்ன சேர்தான் வேணும்னு விதி இல்லை. போய் உட்காருங்க.”

எண்பது உட்காரவில்லை. மூன்றாவது வரிசையில் தன் நாற்காலிக்குப் பக்கத்தில், காவலுக்கு நிற்பவர் போல விறைப்பாக நின்றுகொண்டார். பின்வரிசைக்காரர்கள், “மறைக்குதுங்க, உட்காருங்க” என்று குரல் கொடுத்தார்கள். அவர் அரையடி நகர்ந்து நின்றார்.

போன வருஷம் கையைத் தூக்கச் சொல்லி எண்ணியதில் ஒரு குளறுபடி நடந்திருந்தது. ஒரு கையில் டீ, மறு கையில் பிஸ்கட் பொட்டலம் வைத்திருந்தவர்களால் கையைத் தூக்க முடியவில்லை. தூக்கியவர்கள் மேல் டீ கொட்டியது. ஆகவே இந்த வருஷம் எழுந்து நின்று, தலைக்கு ஒரு ஓட்டாகப் போட வேண்டும் என்று செயலாளர் அறிவித்தார். முதல் தீர்மானம் வந்தது. ஆதரிப்பவர்கள் எழுந்தார்கள். நாற்பத்தெட்டு பேரும் ஆதரவு. அவர்கள் உட்கார்ந்தார்கள். “எதிர்ப்பவர்கள் எழலாம்” என்றார் செயலாளர். யாரும் எழவில்லை. எண்பது ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

“ஆதரவு நாற்பத்தெட்டு, எதிர்ப்பு ஒண்ணு. மொத்தம் நாற்பத்தொன்பது” என்று எழுதிய செயலாளரின் பேனா நின்றது. “வந்திருக்கறதே நாற்பத்தெட்டு பேர்தானே? ஐயா, நீங்க ரெண்டு பக்கமும் நிக்கறீங்க.”

“நான் ஒரு பக்கமும் நிக்கலை சார். சும்மா நிக்கறேன்.”

“சும்மா நிக்கறதுக்கு இங்க விதி இல்லை.” செயலாளர் தலைவரிடம் குனிந்து ஏதோ பேசினார். நிமிர்ந்து அறிவித்தார்: “இனி ஒரே தடவைதான் எண்ணுவோம். நிற்பவர்கள் ஆதரவு. இருக்கையில் அமர்ந்திருப்பவர்கள் எதிர்ப்பு.”

இரண்டாவதும் மூன்றாவதும் சிக்கலில்லாமல் முடிந்தன. நாலாவது தீர்மானத்தைத் தலைவரே படித்தார். படித்து முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்து, “இந்த யோசனையைச் சொன்னவர் இங்கதான் இருக்கார்னு நினைக்கிறேன்” என்றார். எல்லாரும் திரும்பினார்கள். யாரோ கைதட்டினார்கள். எண்பதுக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் கைதட்டல் அது. வாயிற்கூட்டத்தில் கிடைத்ததைத்தான் அவரே பாதியில் கெடுத்துக்கொண்டாரே. நெஞ்சு நிமிர்ந்தது. 

முன்வரிசை முழுக்கத் தலைவரின் சொந்தக்காரர்கள். அவர்கள் மொத்தமாக எழுந்தார்கள். பின்னால் அங்கொருவர் இங்கொருவராக எழுந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், முன்பு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் பேனாவை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே வந்தார்.

“முப்பத்துமூணு, முப்பத்துநாலு, முப்பத்தஞ்சு...” பேனா எண்பதின் மேல் வந்து நின்றது. “முப்பத்தாறு. நாற்பத்தெட்டில் முக்கால் பங்கு முப்பத்தாறு. தீர்மானம்...”

“சார், சார்!” என்றார் எண்பது. “நான் நின்னுக்கிட்டே எதிர்க்கறேன்.”

“அது முடியாதுங்க. நின்னா ஆதரவு.”

“வாயால சொன்னாப் போதாதா?”

“வாயை எண்ண மாட்டோம்.”

எண்பது மெல்ல முட்டியை மடக்கித் தரையில் குந்தப் பார்த்தார்.

“தரையில உட்கார்ந்தாலும் செல்லாது. ‘இருக்கையில் அமர்ந்திருப்பவர்கள்’னு குறிப்புல எழுதியாச்சு.” செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஐயா, யோசனையே உங்களோடது. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

மண்டபமே அவரைப் பார்த்தது. எண்பது அந்த நாற்காலியைப் பார்த்தார். பதினோரு வருஷம் கட்டிக் காத்த முதலாளி அப்படியே நிற்கச் சொன்னான். மச்சான் சொன்ன இரண்டு மடங்கு, அச்சடித்த வரி, இப்போது கேட்ட கைதட்டல், எல்லாம் நிற்கத்தான் சொல்லின. உட்கார வேண்டுமென்றால் அந்த முதலாளியின் ஜென்மப் பகைவனின் மடியில்தான் உட்கார வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் மூன்றடிக்கு நாலடி ஞாபகம் வந்தது. முற்றமும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். “ஐம்பது கிலோவா இருக்கறதைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது அண்ணே.”

எண்பது கண்ணை மூடிக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தார்.

நாற்காலி முனகவில்லை. உடம்பு யாரையும் கேட்காமல் தன் வேலையைத் தொடங்கியது. இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் சாய்ந்தது. பின்னால் சாய்ந்தது. உதடு எண்ண ஆரம்பித்தது. ஒண்ணு. செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதல் தலையிலிருந்து எண்ண ஆரம்பித்தார். ரெண்டு. இருபத்திரண்டு வருஷமாக மூன்று எண்ணியதும் எழுந்தே பழகிய இரண்டு கால்கள் பாதத்தை ஊன்றின. மூணு. பின்புறம் நாற்காலியை விட்டு ஒரு விரற்கடை மேலே கிளம்பியது. எண்பது இரண்டு கையாலும் நாற்காலியின் விளிம்பை அடியோடு பற்றி இழுத்துத் தன்னைத் தானே கீழே அமுக்கினார். நாலு, ஐந்து, ஆறு. ஏழுக்குப் பிறகு என்ன செய்வதென்று உடம்புக்குத் தெரியவில்லை. கெண்டைக்கால் வெடவெடத்தது. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. செயலாளரின் பேனா முப்பத்துநாலு, முப்பத்தஞ்சு என்று நகர்ந்து, அவர் தலைக்கு மேலாக ஒரு கணம் தயங்கி, அவரைத் தாண்டிப் போயிற்று.

“முப்பத்தஞ்சு. ஒண்ணு குறையுது. தீர்மானம் நிறைவேறவில்லை.”

முன்வரிசை முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றி எண்பதை ஒருதரம் நன்றாகப் பார்த்தார். பிறகு ஐந்தாவது தீர்மானத்தைப் படிக்கப் போனார்.

எண்பது மெல்ல விளிம்பிலிருந்து கையை எடுத்தார். எழுந்தார். நாற்காலியைச் சுற்றி வந்து, பின்கால்கள் இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒருதரம் போதாமல் இன்னொரு தரமும் அழுத்தினார். வெள்ளைச் சட்டைப் பையில் கை விட்டுத் துழாவி, சாக்கட்டியை எடுத்தார். யாராவது பார்க்கிறார்களா என்று அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து, காலின் உட்புறம், இருப்பதிலேயே சின்னதாக, ஒரு டிக் போட்டார்.